சந்தேகத்தின் பலன்

1977-ம் வருஷம். அமெரிக்காவின் சிகாகோ நகரம். அங்கே முன்னாள் படைவீரர் நல நிர்வாகத்தின் கிளை அலுவலகம் ஒன்று இருக்கிறது. வி.ஏ. என்று இரண்டே எழுத்தில் சொல்வார்கள். போரில் கை, கால் போனவனுக்கு மாதாமாதம் பணம், நோயில் படுத்தவனுக்கு வைத்தியம், செத்துப்போனவன் மனைவிக்கு உதவித்தொகை, எல்லாம் இந்த வி.ஏ. வழியாகத்தான்.

அந்த ஆபீஸில் மாட் டிவிக்டர் என்று ஒரு பெண்மணி வேலை பார்த்தார். மனுப் போட வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அவர் வேலை. ஒருநாள் போன் வந்தது. பேசியது முன்னாள் விமானப்படை வீரர் ஒருவரின் மனைவி. கணவருக்குப் புற்றுநோய். வியட்நாமில் தெளித்த ரசாயனம்தான் இதற்குக் காரணம் என்று கணவர் சொல்வதாகச் சொன்னார்.

டிவிக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ரசாயனமா? என்ன ரசாயனம்?

கொஞ்ச நாளில் அந்த மனிதர் இறந்துபோனார். மனு தள்ளுபடி ஆனது. சாதாரணமாக ஓர் அரசாங்க ஊழியர் இந்த இடத்தில் ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பார். டிவிக்டர் அப்படிச் செய்யவில்லை. வியட்நாமிலிருந்து திரும்பியவர் யார் வந்தாலும் கேட்க ஆரம்பித்தார். என்ன நோய்? எந்தப் பகுதியில் இருந்தாய்? மேலே ஏதாவது தெளித்தார்களா? பதில்களை வரிசையாக எழுதிவைத்தார். டஜன் கணக்கில் ஆட்கள். புற்றுநோய், தோல் நோய், மரத்துப்போன கை கால், குறையோடு பிறந்த குழந்தைகள்.

மேலிடம் இதை ரசிக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டுமா என்ன? ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டது. 1978 மார்ச்சில் சிகாகோ தொலைக்காட்சி நிருபர் பில் கர்ட்டிஸ் இதை ஒரு மணி நேர நிகழ்ச்சியாகவே போட்டார். நாடு முழுக்க முன்னாள் சிப்பாய்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அட, நமக்கும் இதே வியாதிதானே!

அந்த ரசாயனத்தின் பெயர் ஏஜென்ட் ஆரஞ்ச்.

பெயரைக் கேட்டு அது ஆரஞ்சு நிறம் என்று நினைத்துவிடக் கூடாது. அது வந்த பீப்பாயின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். வியட்நாம் போரில் அமெரிக்காவுக்குப் பெரிய தலைவலி காடு. எதிரி மரத்தடியில் பதுங்கிக்கொள்கிறான், மேலே பறக்கும் விமானத்துக்குத் தெரிவதில்லை. சரி, எதிரியைத் தேடுவானேன்? மரத்தின் இலையையே உதிர்த்துவிட்டால்? 1962-ல் ஆரம்பித்து 1971 வரை விமானத்திலிருந்து களைக்கொல்லியைக் கொட்டினார்கள். இந்தத் திட்டத்துக்கு 'ராஞ்ச் ஹேண்ட்' என்று பெயர். கொட்டிய மொத்த அளவு ஏறக்குறைய ஏழரைக் கோடி லிட்டர். பாதிக்கும் மேலே ஏஜென்ட் ஆரஞ்ச்.

அது இரண்டு களைக்கொல்லிகளைச் சரிபாதி கலந்து செய்தது. இரண்டில் ஒன்றைத் தயாரிக்கும்போது கூடவே ஒரு விஷம் உருவாகிவிடும். டயாக்ஸின். மனிதன் தெரிந்தோ தெரியாமலோ உண்டாக்கிய விஷங்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று. உடம்புக்குள் போனால் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாதியளவு குறையவே வருஷக்கணக்கில் ஆகும்.

இலை உதிர்ந்தது. அதற்குக் கீழே எதிரி மட்டுமா இருந்தான்? அமெரிக்கச் சிப்பாயும்தான் இருந்தான். அந்த ஊர் விவசாயியும் அவன் பிள்ளைகுட்டிகளும்கூட இருந்தார்கள்.

பால் ராய்ட்டர்ஷான் என்கிற இளைஞர் வியட்நாமில் ஹெலிகாப்டர் படைப்பிரிவில் வேலை பார்த்தவர். தெளித்த புகைக்குள்ளேயே பறந்தவர். ஊர் திரும்பியபின் வயிற்றில் புற்றுநோய். 1978-ல் நாடு முழுக்கப் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி, தான் வியட்நாமிலேயே செத்துப்போனதாகவும், அது தனக்கே தெரியாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். அந்த வருஷம் டிசம்பரில் உண்மையிலேயே இறந்தார். வயது 28.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். நோய் இருக்கிறது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இருக்கிறது. வியட்நாம் போனதற்கு ரெக்கார்டு இருக்கிறது. அப்புறம் ஏன் பணம் தர மாட்டேன் என்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ள வி.ஏ.வின் கணக்கு வழக்கு தெரியவேண்டும். ஒருவர் ஊனத்துக்காக உதவித்தொகை கேட்டால் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, இப்போது நோய் இருக்கிறதா? இரண்டு, பணியில் இருந்த காலத்தில் ஏதாவது நடந்ததா? மூன்று, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? மூன்றும் சரியாக இருந்தால் ஊனத்துக்குப் பத்து, இருபது என்று நூறு சதவிகிதம் வரை மார்க் போடுவார்கள். மார்க்குக்கு ஏற்றபடி மாதாமாதம் பணம். வரி கிடையாது.

குண்டடி பட்டவனுக்கு மூன்றாவது கேள்வி ஒரு பிரச்னையே இல்லை. காலில் தழும்பு இருக்கிறது, காட்டினால் போச்சு. பத்து வருஷம் கழித்து வந்த புற்றுநோயில் எந்தத் தழும்பைக் காட்டுவது? புற்றுநோய் செல்லில் 'மேட் இன் வியட்நாம்' என்று முத்திரையா குத்தியிருக்கும்? சிகரெட்டால் வந்திருக்கலாம், பரம்பரையாக வந்திருக்கலாம், ஏன், ஒரு காரணமும் இல்லாமல்கூட வந்திருக்கலாம். வி.ஏ. இதைத்தான் சொன்னது. நிரூபி, தருகிறேன்.

ஆயிரமாயிரம் மனுக்கள் இந்த மூன்றாவது கேள்வியில்தான் செத்தன.

சரி, கோர்ட்டுக்குப் போகலாமே? அங்கேதான் வேடிக்கை. அமெரிக்காவில் யார் மேல் வேண்டுமானாலும் கேஸ் போடலாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பணியில் ஏற்பட்ட பாதிப்புக்காக ராணுவத்தின் மேல் ஒரு சிப்பாய் நஷ்ட ஈடு வழக்குப் போட முடியாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1950-லேயே சொல்லிவிட்டது. வி.ஏ. ஒரு மனுவைத் தள்ளினால், அதை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. இது 1988 வரை சட்டம். வி.ஏ.வுக்கு உள்ளேயே இருக்கும் அப்பீல் வாரியம் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

வக்கீல் வைத்துக்கொள்ளலாம், தடை இல்லை. ஆனால் வக்கீலுக்குப் பத்து டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. 1864-ல், ஆபிரகாம் லிங்கன் காலத்தில், சிப்பாய்களை வக்கீல்கள் மொட்டை அடித்துவிடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். நூற்றிருபது வருஷம் கழித்தும் அதே பத்து டாலர்! 1985-ல் உச்ச நீதிமன்றம் வரை போயும் அந்தச் சட்டம் அசையவில்லை. பத்து டாலருக்கு எந்த வக்கீல் ஃபைலைப் பிரிப்பார்?

அரசாங்கத்தைத் தொட முடியாது என்றானதும், ரசாயனம் தயாரித்த கம்பெனிகள் மேல் பாய்ந்தார்கள். டவ், மான்சான்டோ என்று ஏழு கம்பெனிகள். நியூயார்க்கின் புரூக்ளின் நீதிமன்றம். நீதிபதி ஜாக் வெய்ன்ஸ்டீன். 1984 மே 7, விசாரணை ஆரம்பிக்க வேண்டிய நாள். விடிவதற்குள் சமரசம் முடிந்துவிட்டது. 18 கோடி டாலர். எங்கள் மேல் தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டோம், பணம் மட்டும் தருகிறோம் என்றன கம்பெனிகள்.

நான் காமர்ஸ் படித்தவன். பெரிய தொகையைப் பார்த்ததும் எத்தனை பேருக்கு என்று வகுத்துப் பார்க்கத்தான் கை போகும். மொத்தம் வந்த மனுக்கள் 1 லட்சத்து 5 ஆயிரம். பணம் கிடைத்தது சுமார் 52 ஆயிரம் பேருக்கு. வட்டியெல்லாம் சேர்த்துப் பிரித்தும் ஆளுக்குச் சராசரியாக 3,800 டாலர். முழுக்க முடங்கிப்போனவருக்கு அதிகபட்சம் 12 ஆயிரம் டாலர், அதுவும் பத்து வருஷத்தில் பிரித்துப் பிரித்து. மாசத்துக்கு நூறு டாலர்! அமெரிக்காவில் நூறு டாலரை வைத்துக்கொண்டு ஒரு நோயாளி என்ன செய்வார்?

ஆக, மறுபடியும் வி.ஏ.வின் கதவைத்தான் தட்டியாக வேண்டும்.

அதே 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. டயாக்ஸினால் வரக்கூடிய நோய்கள் எவை என்று வி.ஏ. விஞ்ஞானப்பூர்வமாக ஆராய்ந்து விதிமுறை எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அதன் பலனைச் சிப்பாய்க்குக் கொடுக்க வேண்டும். வி.ஏ. ஆராய்ந்தது. 1985-ல் விதிமுறையும் எழுதியது. அதில் இடம்பெற்ற நோய் ஒன்றே ஒன்று. குளோராக்னி. முகப்பரு மாதிரி ஒரு தோல் வியாதி. அதுவும் ரசாயனம் பட்ட மூன்று மாதத்துக்குள் வந்திருக்க வேண்டுமாம்.

பருவுக்குப் பணம் உண்டு, புற்றுநோய்க்குக் கிடையாது. முன்னாள் வீரர்கள் கொதித்துப் போனார்கள். வி.ஏ. எழுதிய விதிமுறையே சட்ட விரோதம் என்று கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். தனி மனுவின் முடிவைத்தானே எதிர்க்கக் கூடாது? விதிமுறையை எதிர்க்கலாமே! அந்தச் சந்தில் நுழைந்தார்கள். நெமர் வழக்கு என்று பெயர். 1989 மே மாதம் நீதிபதி தெல்ட்டன் ஹெண்டர்சன் தீர்ப்புச் சொன்னார்.

இந்தத் தீர்ப்பு என்ன சொன்னது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கதையின் மர்மமே அதில்தான் இருக்கிறது.

பீடி பிடிக்கிற நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கும் புற்றுநோய் வருவதில்லை. பீடியையே தொடாத சிலருக்கு வருகிறது. அப்படியானால், புற்றுநோய் வந்த ஒரு தனி மனிதரைக் காட்டி, இவருக்குப் பீடியால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியுமா? கஷ்டம். ஆனால் பீடி பிடிக்கிற லட்சம் பேரையும், பிடிக்காத லட்சம் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனி ஆளிடம் நிரூபிக்க முடியாதது கூட்டத்தில் தெரியும்.

வி.ஏ. இன்னதால் இன்ன நோய் என்று காரண காரியத்தோடு நிரூபணம் கேட்டது. சட்டம் கேட்டது அதை இல்லை, புள்ளிவிவரத்தில் தெரிகிற கணிசமான தொடர்பை மட்டும்தான் என்றார் ஹெண்டர்சன். சந்தேகத்தின் பலனையும் வி.ஏ. சிப்பாய்க்குத் தரவில்லை என்றார். அந்த விதிமுறையை வைத்துத் தள்ளிய மனுக்கள், 30 ஆயிரத்துக்கும் மேல், அத்தனையும் செல்லாது என்றாகிவிட்டது.

வி.ஏ. அப்பீல் போயிருக்கலாம். ஆனால் அந்த வருஷம்தான் அதை ஒரு முழு இலாகாவாக உயர்த்தி, எட்வர்ட் டெர்வின்ஸ்கி என்பவரை முதல் அமைச்சராகப் போட்டிருந்தார்கள். அவர் அப்பீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்னொரு காரியமும் செய்தார். மருத்துவ ஆதாரங்களை எல்லாம் முதலிலிருந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு மனிதரைக் கூப்பிட்டார். அட்மிரல் எல்மோ ஜம்வால்ட்.

யார் இவர்? வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர். மெக்காங் டெல்டாவின் ஆறுகளில் படகில் போன தன் ஆட்களைக் கரையோரப் புதருக்குள்ளிருந்து எதிரி சுட்டுக் கொன்றபோது, கரை முழுக்க மருந்து தெளித்து இலையை உதிர்க்கச் சொன்னவர். அந்தப் படகுகளில் ஒன்றின் கமாண்டர் அவருடைய சொந்த மகன். அவர் பெயரும் எல்மோ ஜம்வால்ட்தான்.

மகன் உயிரோடு ஊர் திரும்பினார். கல்யாணம் ஆனது. பிறந்த பையனுக்கு மூளை வளர்ச்சியில் குறை. 1983-ல் மகனுக்கு நிணநீர்ப் புற்றுநோய். 1985-ல் இன்னொரு வகைப் புற்றுநோய். 1988 ஆகஸ்டில் இறந்தார். வயது 42.

அப்பா போட்ட உத்தரவு. பிள்ளைக்கு வந்த வியாதி. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகம்கூட எழுதினார்கள். தெளிக்காமல் இருந்திருந்தால் இன்னும் பல பேர் ஆற்றிலேயே செத்திருப்பார்கள், அதனால் அந்த உத்தரவைத் தப்பென்று சொல்ல மாட்டேன் என்பது அட்மிரலின் நிலை. மகனும் அப்பாவைக் குறை சொல்லவில்லை. இந்தத் துயரத்தில் யாரை நோவது என்று யாருக்குத்தான் தெரியும்?

மகன் போன மறு வருஷம் அப்பா அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். 1990 மே மாதம் அறிக்கை கொடுத்தார். அரசாங்க ஆய்வுகளைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார். அதற்கு முன்பே, மார்ச்சில் வேறு ஓர் அரசாங்க ஆய்வு, ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் வியட்நாம் போனவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது என்று சொல்லியிருந்தது. டெர்வின்ஸ்கி அந்த நோய்க்கு உதவித்தொகை அறிவித்தார்.

பனிக்கட்டி விரிசல் விட ஆரம்பித்துவிட்டது. 1991 பிப்ரவரியில், வளைகுடாப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, பெரிய புஷ் ஏஜென்ட் ஆரஞ்ச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வியட்நாம் மண்ணில் இருந்தவன் என்றால் ரசாயனம் பட்டவன் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், எந்த நாள், எந்த விமானம் என்று கேட்கக் கூடாது. தேசிய அறிவியல் அகாடமி இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் உலகத்தில் வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் அலசி, எந்தெந்த நோய்க்குத் தொடர்பு தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அதன்படி பட்டியல் நீளும்.

நீண்டது. 1996-ல் புராஸ்டேட் புற்றுநோய். 2001-ல் நம் ஊரில் தெருவுக்குப் பத்து பேருக்கு இருக்கிற சர்க்கரை வியாதி. ரசாயனம் தெளித்த விமானப்படை ஆட்களையே பல வருஷம் பரிசோதித்து, ரத்தத்தில் டயாக்ஸின் அதிகம் உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் அதிகம் வருகிறது என்று பார்த்த பிறகு வந்த முடிவு அது. 2010-ல் மாரடைப்புக்குக் காரணமான இதய ரத்தக்குழாய் நோய், பார்க்கின்சன்.

இதோடு 1991-ல் நெமர் வழக்கில் வி.ஏ. ஓர் ஒப்பந்தத்துக்கும் சம்மதித்தது. பட்டியலில் புதிதாக ஒரு நோய் சேர்ந்தால், அதே நோய்க்காக 1985 செப்டம்பருக்குப் பிறகு தள்ளிய பழைய மனுக்களை வி.ஏ.வே தேடி எடுத்து மறுபடி பார்க்க வேண்டும். பணம் புதிய விதி வந்த தேதியிலிருந்து இல்லை. முதல் மனுப் போட்ட தேதியிலிருந்து!

கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். ஒருவர் 1994-ல் இதய நோய்க்கு மனுப் போட்டார், தள்ளிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2010-ல் விதி மாறுகிறது. அவருக்குப் பதினாறு வருஷ பாக்கியும் சேர்ந்து வரும். எப்படியும் தர மாட்டான் என்று 1994-ல் மனுவே போடாத பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பதினாறு வருஷம் போனது போனதுதான். தோற்றுப்போன மனுவுக்குத் தேதி இருந்தது. போடாத மனுவுக்கு அது இல்லை. இப்படிக் கொடுத்த பாக்கி மட்டும் நூறு கோடி டாலர்களில் பல மடங்கு.

இதற்கு நடுவில் கோர்ட்டுக் கதவும் திறந்துவிட்டது. 1988 சட்டத்தின்படி முன்னாள் வீரர்களுக்கென்றே ஒரு தனி நீதிமன்றம். பத்து டாலர் விதியும் ஒழிந்தது. அந்த நீதிமன்றம் 1990-ல் கில்பர்ட் என்பவர் வழக்கில் சந்தேகத்தின் பலன் என்றால் என்ன என்று விளக்கியது. ஆதாரங்களைத் தராசில் வைத்தால் இரண்டு தட்டும் ஏறக்குறைய சமமாக நிற்கிறதா? அப்படியானால் சிப்பாய் ஜெயித்தார். அவர்கள் பேஸ்பாலை உதாரணம் காட்டினார்கள். நமக்கு கிரிக்கெட் போதும். ரன் அவுட்டா இல்லையா என்று அம்பயருக்கே சந்தேகமா? பேட்ஸ்மேன் அவுட் இல்லை.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் விதி எழுதினால் அதற்கு வெளியே நிற்கிறவன் ஒருவன் இருப்பானே!

கப்பலில் இருந்தவர்கள் அப்படி நின்றார்கள். ஆரம்பத்தில் வியட்நாம் போர்ப் பதக்கம் இருந்தால் போதும் என்று அவர்களையும் சேர்த்துக்கொண்ட வி.ஏ., 2002-ல் திடீரென்று, வியட்நாம் மண்ணில் கால் வைத்தாயா என்று கேட்க ஆரம்பித்தது. கடலிலேயே இருந்தாய், உன் மேல் எப்படி மருந்து படும்? கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது, இல்லையா?

பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அவர்களுடைய கடற்படையும் வியட்நாமுக்குப் போனது. கரையே இறங்காத கப்பல்காரர்களுக்கு ஏன் இவ்வளவு புற்றுநோய் என்று அங்கேயும் குழம்பினார்கள். 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. கப்பலில் குடிதண்ணீருக்கு என்ன செய்வார்கள்? கடல்நீரைக் காய்ச்சி வடிப்பார்கள். உப்பு கீழே தங்கிவிடும். டயாக்ஸின் தங்காது. ஆவியோடு சேர்ந்து மேலே வந்து, வடித்த தண்ணீரில் இன்னும் செறிவாகச் சேரும் என்று சோதனையில் தெரிந்தது. ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எடுத்த கடல்நீரில் இப்படி வடித்துக் குடித்தால் என்ன ஆகும்? குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்.

ஆதாரம் வந்த அதே வருஷம் வி.ஏ. விதியை இறுக்கியது. ஹாஸ் என்ற முன்னாள் கடற்படை அதிகாரி சர்க்கரை வியாதிக்காக வழக்காடி 2006-ல் ஜெயித்தார், 2008-ல் மேல்கோர்ட்டில் தோற்றார். அதே மேல்கோர்ட், புரொகோபியோ என்ற இன்னொருவர் வழக்கில் 2019 ஜனவரியில் தன் பழைய தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. ஒரு நாடு என்றால் அதன் கரையோரம் 12 கடல் மைல் தண்ணீரும் சேர்த்துத்தான். அந்த வருஷமே நாடாளுமன்றமும் சட்டம் போட்டது. பலன் கிடைக்கக் கூடியவர்கள் சுமார் 90 ஆயிரம் பேர் என்று கணக்குப் போட்டார்கள். இதற்குள் எத்தனை பேர் செத்துப்போயிருப்பார்கள் என்பது வேறு கணக்கு.

இன்னொரு கூட்டம் வியட்நாமுக்கே போகாதவர்கள். மருந்து தெளித்த விமானங்களைப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்குள்ளேயே 1982 வரை ஓட்டினார்கள். அதில் வேலை பார்த்தவர்கள் மனுப் போட்டால், காய்ந்துபோன கறை உடம்புக்குள் போகாது என்று தள்ளினார்கள். ஒஹாயோவில் விமானப்படை அருங்காட்சியகத்தில் 'பேச்சஸ்' என்று ஒரு பழைய விமானம் நிற்கிறது. வியட்நாமில் உடம்பு முழுக்கக் குண்டடி பட்டு ஒட்டுப் போட்டதால் அந்தப் பெயர். அதன் உட்புறத்தை 1994-ல் துடைத்து எடுத்துப் பரிசோதித்தபோது டயாக்ஸின் அப்பிக்கிடந்தது. மனுப் போட்டவர்கள் அந்தப் பழைய பரிசோதனைக் காகிதங்களைத் தோண்டி எடுத்தார்கள். அகாடமி 2015 ஜனவரியில் அதைப் பார்த்து, ஆமாம், இவர்கள் உடம்பிலும் போயிருக்கும் என்றது. ஜூனில் வி.ஏ. ஒப்புக்கொண்டது.

இந்த அனுபவங்களெல்லாம் இன்றைய அப்பீல் முறையில் படிந்திருக்கின்றன. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த முறை அது. மனுவைத் தள்ளினால் மூன்று வழி. அதே காகிதங்களை வேறொரு சீனியர் அதிகாரி மறுபடி பார்ப்பது ஒன்று. வாஷிங்டன் அப்பீல் வாரியத்துக்குப் போவது இன்னொன்று. புது ஆதாரத்தோடு மறுமனுப் போடுவது மூன்றாவது. ஆதாரம் புதுசாகவும் விஷயத்துக்குச் சம்பந்தப்பட்டதாகவும் இருந்தால் போதும். மறுமனுவுக்குக் காலக் கெடு கிடையாது. ஆனால் தள்ளிய ஒரு வருஷத்துக்குள் போட்டால்தான் பழைய தேதி பிழைக்கும். மறுபடியும் தேதி!

புது ஆதாரம் என்பது பெரும்பாலும் ஒரு டாக்டர் கடிதம். இவருக்கு நோய் இருக்கிறது என்று மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. அது வி.ஏ.வுக்கே தெரியும். பழைய ரெக்கார்டுகளைப் படித்துப் பார்த்து, இல்லை என்பதற்கு எவ்வளவு வாய்ப்போ குறைந்தபட்சம் அதே அளவு வாய்ப்பு ஆம் என்பதற்கும் இருக்கிறது என்று எழுதவேண்டும். ஏன் என்று காரணத்தையும் சொல்லவேண்டும். காரணம்தான் கடிதத்தின் உயிர் என்று 2008-ல் நீதிமன்றமே சொன்னது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, மனு எழுதிக் கொடுக்க முன்னாள் வீரர் சங்கங்கள் இருக்கின்றன. காசு வாங்குவதில்லை.

அப்படியும் அரசாங்கத்தின் நடை ஆமை நடைதான். ரத்தக் கொதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்புக்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது என்று அகாடமி 2018-ல் சொன்னது. பட்டியலில் சேர்ந்தது 2022 ஆகஸ்டில், ஜோ பைடன் கையெழுத்திட்ட சட்டத்தால். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ராணுவக் குப்பையைக் குழியில் போட்டு எரித்த புகையால் வரும் நோய்களையும் அதே சட்டம் சேர்த்துக்கொண்டது. பைடனின் மூத்த மகன் இராக் போய் வந்தவர், மூளைப் புற்றுநோயில் இறந்தவர். அந்தப் புகைதான் காரணமாக இருக்குமோ என்று பைடன் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அட்மிரல் ஜம்வால்ட் ஞாபகம் வருகிறதா?

மாட் டிவிக்டர் என்ன ஆனார்? பின்னாளில் வி.ஏ. வேலை போய்விட்டது. அவர் கதையை 1986-ல் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார்கள். அவர் நோட்டில் எழுதிவைத்ததை விஞ்ஞானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தள்ளுபடி ஆன ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கலாம் என்று முதலில் தோன்றியது அந்த ஊழியருக்குத்தான். பிறகு அகாடமி செய்ததும் அதையே, பெரிய அளவில்.

இன்னும் ஒரு மனு பாக்கி இருக்கிறது. வியட்நாம்காரர்களுடையது. அந்த நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மதிப்பீட்டில் பாதிக்கப்பட்டவர்கள் முப்பது லட்சம் பேர். 2004-ல் அவர்கள் சார்பில் நியூயார்க்கில் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார்கள். வந்து சேர்ந்தது அதே ஜாக் வெய்ன்ஸ்டீன் முன்னால். 2005-ல் அவர் தள்ளினார். 2008-ல் மேல்கோர்ட் தள்ளியது. 2009-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துப் பார்க்கவே மறுத்தது. பிறகு அமெரிக்கா தன் செலவில் டா நாங் விமான நிலையத்து மண்ணைச் சுத்தம் செய்தது. 2018-ல் முடித்தார்கள். மண்ணுக்கு வைத்தியம் ஆயிற்று.

அமெரிக்கச் சிப்பாய்க்காவது தள்ளுபடிக் கடிதம் வந்தது. அதில் ஒரு தேதி இருந்தது, அப்பீல் போக ஒரு விலாசம் இருந்தது. அதே புகையைச் சுவாசித்த வியட்நாம் விவசாயிக்கு, சந்தேகத்தின் பலனைக் கேட்க எந்த ஆபீஸும் கிடையாது.